உறுதிமொழி போதும், உறுதி தாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தலைப்பை மட்டும் பார்த்து லைக் போட்டுவிட்டுப் போகாமல் கடைசி வரை வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் வாசித்த பிறகு எழுதுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் எங்களோடு ஒரே பெட்ச்சில் படித்த ஒருவர் இருக்கிறார். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். எங்களைப் போலவே ஆசிரியர் சேவை, அதே தரம், அதே சம்பளச் சிட்டை. சில வருடங்களுக்கு முன் நாங்களும் அவரும் ஒரே மாதத்தில், ஒரே வங்கிக் கிளைக்கு, அரச ஊழியர்களுக்கான வீட்டுக் கடன் கேட்டுப் போனோம். எங்களிடம் வாப்பா பெயரில் இருந்த துண்டுக் காணியின் உறுதி இருந்தது. அவரிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் நிறையக் கடிதங்கள் இருந்தன. தோட்ட நிருவாகம் தந்த கடிதம், கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம், ஒரு விழாவில் அமைச்சர் ஒருவரின் கையால் அப்பா வாங்கிய சான்றிதழ். அந்தச் சான்றிதழை அவர்கள் வீட்டில் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

வங்கி உத்தியோகத்தர் நல்ல மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேர், உறுதி எங்க?"

எங்கள் கடன் கிடைத்தது. வீடு எழும்பியது, அல்ஹம்துலில்லாஹ். அவர் இன்றும் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் அம்மா அப்பா இருக்கும் வீட்டுக்குக் கூரை மாற்ற அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. எங்களுக்கும் அவருக்கும் படிப்பில் வித்தியாசம் இல்லை, சம்பளத்தில் வித்தியாசம் இல்லை, நேர்மையிலும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒரு கடதாசியில்தான்.

அந்தக் கடதாசியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நமது மாவட்டத்தில் ஒரு வீடு அரச வீட்டுக் கடனுக்குத் தகுதியானதா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? கடன் எடுத்தவர்களுக்குத் தெரியும். எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறோம். முதலில் நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி. அடுத்தது அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடம். காணி யார் யார் கையிலிருந்து யார் யாருக்கு வந்தது என்று காட்டும் பதிவேட்டுப் பிரதிகள். பிரதேச சபையிலிருந்தோ மாநகர சபையிலிருந்தோ வீதிக் கோட்டுச் சான்றிதழ், வரி கட்டிய சிட்டை, அங்கீகரித்த வீட்டுப் பிளான். நம்முடையது மண்சரிவு மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்த வீட்டை ஈடாக எடுப்பார்கள்.

இப்போது தோட்டத்து வீட்டை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். காணி அரசுக்குச் சொந்தம். 1972 லும் 1975 லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 53 வருடம். அதாவது 2045 வரைக்கும். அரசின் காணி, கம்பனியின் குத்தகை, நடுவில் ஐந்து தலைமுறையாக ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர் காணிப் பதிவகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. உறுதி இல்லாததால் ஈடு இல்லை. குடும்பத்தின் பெயரில் பிளானும் இல்லை, வரிச் சிட்டையும் இல்லை. பட்டியலின் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்து போகிறது.

"லயத்தை யார் ஈடு வைக்கச் சொன்னது, இப்பதான் தனி வீடு குடுக்கிறாங்களே" என்று ஒருவர் சொல்லக்கூடும். சரி, தனி வீட்டுக்கு வருவோம். தொண்ணூறுகளிலிருந்து தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டன. பல இடங்களில் அது இலவசமும் இல்லை. தொழிலாளியின் பெயரில் கடன், மாதா மாதம் சம்பளத்தில் வெட்டு. அந்தக் கடனைக் கடைசிச் சதம் வரை கட்டி முடித்தும் உறுதி கையில் கிடைக்காத குடும்பங்கள் எங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே இருக்கின்றன. கடன் கொடுக்கும்போது அவன் வீட்டுச் சொந்தக்காரன். கடன் கட்டி முடிந்ததும் அவன் தோட்டத்துக் குடியிருப்பாளன். இது என்ன கணக்கு? எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கணக்குச் செய்தால் நாங்கள் சிவப்புப் பேனையால் வெட்டுவோம்.

2016 அளவில் "பசுமை பூமி" என்று 7 பேர்ச் காணிக்கு உறுதி கொடுக்கும் வேலை தொடங்கியது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, முன்னர் சொன்ன 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்றார். 2018 இல் தோட்டப் பிராந்தியத்துக்குப் புதிய கிராமங்களை உருவாக்கவென்றே 32 ஆம் இலக்கச் சட்டம் வந்து, ஓர் அதிகார சபையும் உருவானது. கடந்த 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி நமது பண்டாரவளை மைதானத்தில், ஜனாதிபதியின் தலைமையில், அந்த 10,000 வீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் இரண்டாயிரம் பேரளவில் பத்திரம் வாங்கினார்கள்.

அந்தப் பத்திரம் என்ன? வீடு கட்டித் தரப்படும் என்பதற்கான ஆவணமா, காணி உறுதியா? அன்று மாலையிலிருந்தே ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இதைப் பற்றித்தான் வாதாடின. நாங்கள் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. முன்பு ஆண்டவர்களும் விழா எடுத்தார்கள், இப்போது ஆள்பவர்களும் விழா எடுக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு பதுளை டவுனில் ஏதாவது ஒரு அரச வங்கியின் கடன் பிரிவுக்குப் போங்கள். ஈடாக எடுத்தால் அது உறுதி. எடுக்காவிட்டால் அது உறுதிமொழி. படச் சட்டத்துக்கு நல்லது, பைசாவுக்கு ஆகாது.

கொஞ்சம் வெளியிலும் பார்ப்போம். அமெரிக்காவில் 1949 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஒரு திட்டம் இருக்கிறது. கிராமப்புறத்தில் குறைந்த, நடுத்தர வருமானமுள்ளவர்கள் வீடு வாங்க அவர்களுடைய விவசாயத் திணைக்களம் கடன் கொடுக்கிறது, அல்லது வங்கிக் கடனுக்குப் பொறுப்பு நிற்கிறது. முற்பணம்கூடத் தேவையில்லை. ஒரு வீடு தகுதியானதா என்று பார்க்க, இணையத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வீட்டு விலாசத்தைத் தட்டினால் போதும். இந்த இடம் சேரும், இந்த இடம் சேராது என்று காட்டும். வருமானம் போன்ற மற்ற விஷயங்களை அதற்குப் பிறகு பார்ப்பார்கள்.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே நடக்கும் அநியாயங்கள் நமக்குத் தெரியும். இரண்டு விஷயங்களுக்காகச் சொல்கிறோம். ஒன்று, அந்த 1949 இல் நமது நாட்டில் என்ன நடந்தது? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத்து மக்களின் வாக்குரிமையும் அந்த வருடம்தான் பறிபோனது. அங்கே கிராமத்தானுக்கு வீடு கொடுக்கச் சட்டம் எழுதிய வருடத்தில், இங்கே தேயிலைத் தோட்டத்தானிடமிருந்து வாக்கைப் பறிக்கச் சட்டம் எழுதினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டின் பிரஜையாவதற்கே அவ்வளவு காலம் என்றால், காணியின் சொந்தக்காரனாவதற்கு எவ்வளவு காலம்?

இரண்டாவது, விலாசம். அந்த வரைபடத்தில் தட்டுவதற்கு ஒரு விலாசம் வேண்டும். எங்கள் வகுப்பு இடாப்பில் தோட்டத்துப் பிள்ளைகளின் விலாசத்தைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாற் கந்தோர். அவ்வளவுதான். இருபது பிள்ளைகளுக்கு ஒரே விலாசம். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. வரைபடத்தில் வீடு சேருமா சேராதா என்பது பிறகு. வீடே வரைபடத்தில் இல்லை.

இதெல்லாம் வெறும் கடன் பிரச்சினை, காசுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். இது உயிர்ப் பிரச்சினை.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்த. காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 லும் 2011 லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. "சொல்லியும் ஏன் போகவில்லை?" என்று அப்போது டவுனில் பலர் கேட்டார்கள். நம்மவர்களும் கேட்டார்கள். இப்போது நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். எங்கே போவது? எதை வைத்துப் போவது? சரிவில் வீடுள்ள கிராமத்தவனுக்கு அரைவாசி விலைக்காவது விற்க ஒரு காணி இருக்கும், வேறு இடத்தில் கடன் வாங்க ஓர் உறுதி இருக்கும். லயத்தில் இருப்பவனுக்கு விற்கவும் ஒன்றுமில்லை, ஈடு வைக்கவும் ஒன்றுமில்லை. லயத்தை விட்டால் தோட்ட வேலையும் போகும். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, எழும்பிப் போக வழி வரவில்லை. மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தது 2016 இல். அதாவது, மண்ணுக்குள் போன பிறகு.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். அந்த நாட்களை உங்களுக்கு நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. பாதைகள் உடைந்து, லைட் இல்லாமல், எந்த மலை எப்போது இறங்கும் என்று நாம் எல்லோரும் இருந்தோம். பள்ளிவாசல்களில் சமைத்த சாப்பாட்டை நமது பொடியன்மார் தலையில் சுமந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்க எங்களுக்கு வரும் வேகம், உறுதி வாங்கிக் கொடுக்கக் குரல் எழுப்ப ஏன் வருவதில்லை?

இனி, வழக்கமாகக் கேட்கும் கதைகளுக்குப் பதில்.

"உறுதி குடுத்தா வித்துக் குடிச்சிடுவான்." இதைச் சொல்லாத தேநீர்க் கடை பதுளையில் இல்லை. விற்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். நமது சமூகத்தில் பரம்பரைக் காணியை விற்றுக் கல்யாணம் செய்தவர்களை எண்ணிப் பார்ப்போமா? அதற்காக யாராவது நமது உறுதிகளைப் பறித்தார்களா? அப்படிப் பயமிருந்தால் அதற்கும் வழி உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக எழுதுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வெளியாருக்கு விற்க முடியாது என்று நிபந்தனை போடுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கிராமத்து விவசாயிக்கு அப்படித்தானே அளிப்புப் பத்திரம் கொடுத்தார்கள்? நிபந்தனை இருந்தும் குறித்த வங்கிகளில் அதை ஈடு வைக்க முடிகிறது. 2024 இல் அந்தப் பத்திரங்களையும் முழு உரித்துள்ள உறுதியாக மாற்றித் தருவதாக "உறுமய" திட்டம் வந்தது. நல்லது, கிராமத்தவர்களுக்குக் கிடைக்கட்டும். ஆனால் மலையின் கீழ்ப் பக்கத்தவனுக்குப் பத்திரம் உறுதியாகும்போது, மேல் பக்கத்தவனுக்குக் கடிதம் சான்றிதழாவது மட்டும்தானா?

"காணி கம்பனிக் குத்தகையில் இருக்கு, 2045 வரைக்கும் ஒண்டும் செய்ய ஏலாது." ஏலும். வீடு கட்டுவதற்கு அதே குத்தகையிலிருந்து காணியை விடுவித்திருக்கிறார்களே! கட்டடத்துக்கு விடுவிக்க முடிந்த காணியை உறுதிக்கு விடுவிக்க முடியாது என்பதற்குக் காரணம் சட்டமில்லை, மனம். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்றால் ஒரு ஏக்கரில் இருபது குடும்பத்துக்கு மேல் இருக்கலாம். அதனால் எந்தத் தோட்டமும் அழிந்துவிடாது.

"கடன் எடுத்துக் கட்ட முடியாமப் போனா வங்கி வீட்டை ஏலத்தில போடும்." இது நியாயமான பயம். 1990 ஆம் ஆண்டின் பராட்டே சட்டத்தில் வழக்கில்லாமலே ஏலம் போடும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு என்பது வியாபாரிகளான நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உறுதி இல்லாததால் தோட்டத்து ஆட்கள் கடனே வாங்காமல் இருக்கிறார்களா? நகை அடகுக் கடையில் வாங்குகிறார்கள். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன் கம்பனியிடம் வாங்குகிறார்கள். கடன் அவர்களுக்கு எப்போதும் கிடைக்கிறது. மலிவான கடன்தான் கிடைப்பதில்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக ஆக்குவதற்கே எவ்வளவு இழுபறி! அந்தச் சம்பளத்துக்குள் உயர்ந்த வட்டிக் கடன் கட்டுபவர், நீண்ட காலத் தவணையில் அரச கடன் கட்டமாட்டார் என்பது என்ன நியாயம்? ஊழியர் சேமலாப நிதியைப் பிணையாக வைத்து எடுக்கும் வீட்டுக் கடனுக்கும், பத்து வருடச் சேவைக்குப் பிறகு அந்த நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை எடுப்பதற்கும்கூட, காணி, வீட்டு ஆவணங்களைக் கேட்கிறார்கள். சொந்தக் காசை எடுக்கவும் அவர்களுக்குக் கடதாசி இல்லை.

"நீங்க ஒரு முஸ்லிம் ஆசிரியர், வட்டிக் கடனுக்கா வக்காலத்து?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வட்டியில் எங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. எங்கள் கடனே எங்கள் மனதை உறுத்தும் விஷயம்தான், அதற்கு அல்லாஹ்விடம் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வட்டியில்லாத முறையில் வீட்டுக்கு நிதி தரும் வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதே உறுதியைத்தான். கடன் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் மனிதனின் தெரிவு. அந்தத் தெரிவே இல்லாமல் செய்வது அநியாயம். குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று எங்கள் மாணவர்களிடம் கேட்போம். தொழுகை என்பார்கள், நோன்பு என்பார்கள். சூரா பகராவின் 282 ஆவது வசனம் அது. கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து, குறைக்காமல் எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதிக் கொடுப்பது நமக்கு மார்க்க விஷயம். இருநூறு வருடம் உழைப்பை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்காமல் இருக்கும் ஒரு நாட்டில், வாய் பொத்தி இருப்பது நமக்கு அழகல்ல.

இன்னும் ஒன்று, நம்மைப் பற்றி. உறுதி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது உறவுகளைக் கேளுங்கள். திரும்பிப் போய் "இது எங்கட வளவு" என்று சொல்ல ஒரு கடதாசி எவ்வளவு பெறுமதி என்று அவர்கள் சொல்வார்கள். நமது டவுன் கடைகள் பல, தோட்டத்துச் சம்பள நாளை நம்பித்தான் எழும்பின. கடன் கொப்பியில் அவர்களுடைய பெயர்களை எழுதி எழுதி நாம் உறுதி வாங்கினோம். அவர்களுடைய பெயர் அந்தக் கொப்பியில் மட்டும்தான் இன்னும் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

தோட்டத்தில் கட்டிய, கட்டப்போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் நில அளவை வரைபடத்தோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி. வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு முதலில்.

உறுதியோடு சேர்த்து மண்சரிவு அறிக்கை. ஆபத்தான இடத்துக்கு உறுதி கொடுப்பது மையித்துக்குக் கபன் கொடுப்பது போல. ஆபத்தான இடமென்றால் வேறு இடத்தில் காணி.

ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் பாதைப் பெயரும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் செலவழிக்க 2018 இல் சட்டம் திருத்தியாகிவிட்டது. சாட்டுச் சொல்ல இடமில்லை.

உறுதி வரும் வரைக்கும், அரசே கொடுத்த பத்திரத்துக்கு அரசே பிணை நின்று, அரச வங்கிகள் அதன் மேல் வீட்டுக் கடன் கொடுக்க வேண்டும். தான் கொடுத்த கடதாசியைத் தானே நம்பாத அரசு, அதை மக்கள் நம்ப வேண்டும் என்று எப்படிக் கேட்கலாம்?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. நம்மில் நொத்தாரிசுகள் இருக்கிறார்கள், நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோட்டத்துப் பாடசாலையில் உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் ஃபைல்களைத் திறந்து பார்த்து, எது என்ன கடதாசி, எது பெறுமதி, அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். நாங்கள் ஆசிரியர்கள் சிலர் விண்ணப்பம் நிரப்பத் தயார். சிங்களத்தில் எழுத வேண்டியதையும் எழுதித் தருவோம். சேர விரும்புபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.

அடுத்த விழாவுக்கு எந்த அமைச்சர் வந்தாலும், எந்தக் கட்சி மேடை போட்டாலும், மாலை போடுமுன் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். எங்கள் நண்பரிடம் அந்த வங்கி உத்தியோகத்தர் கேட்ட அதே கேள்விதான்:

"சேர், உறுதி எங்க?"

வஸ்ஸலாம். நியாயம் என்று பட்டால் பகிருங்கள்.